பக்கத்துத் தறிச் சத்தமும் ஆடும் சுவரும்: போன் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் எழுதியதை ஒருமுறை சுருக்கிச் சொல்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். குமாரபாளையம் பக்கம் வீடு. பின்சுவரை ஒட்டி எட்டு விசைத்தறி போட்ட கூடம், கொஞ்ச நாளாக ராத்திரி ஷிப்டும் ஓடுகிறது. போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தால் பின்பக்கத் திண்ணையில் 68 டெசிபல் காட்டுகிறது. ஜன்னலும் பரண் மேல் பாத்திரமும் சில நேரம் கடகடவென்று ஆடி, பிறகு தானாக அடங்கிவிடுகிறது. இரண்டு அறையில் விரிசல். தறிக்காரர் "ஊர் முழுக்கத் தறிதானே ஓடுது" என்கிறார். இந்த 68 செல்லுமா, யாரிடம் புகார் கொடுப்பது என்பது உங்கள் கேள்வி. ஆனால் படித்துப் பார்த்தால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது: தூக்கத்தைக் கெடுக்கும் சத்தம், பாத்திரத்தை ஆட்டும் அதிர்வு, சுவரில் விரிசல், இந்த மூன்றுக்கும் அந்தக் கூடம்தான் காரணமா, அதை எப்படி நிரூபிப்பது, எப்படிக் குறைப்பது. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் புகார் கொடுத்தால் மூன்றும் சேர்ந்து தோற்கும். அதனால் பிரித்துப் பேசுகிறேன். ஒலியும் அதிர்வும் அளப்பது பல வருடமாக என் தொழில். நான் வக்கீல் இல்லை. உங்கள் வீட்டையும் பார்த்ததில்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அந்த 68. போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. அடித்தொண்டைச் சத்தத்தை, அதாவது தாழ்ந்த அதிர்வெண்ணைப் பல போன்கள் வெட்டிவிடும். சில போன்கள் சத்தம் கூடினால் தானாகவே உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் ஒரே ஆப்பை இரண்டு போனில் ஓடவிட்டுப் பாருங்கள், ஐந்தாறு டெசிபல் வித்தியாசம் சர்வசாதாரணமாக வரும். ஐபோன் இருந்தால் அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷ் வெளியிட்ட இலவச ஆப் இருக்கிறது, அது பரவாயில்லை. ஆனால் எந்த ஆப்பானாலும் அது காட்டும் எண் சட்டப்படியான அளவீடு ஆகாது. ஒலி மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61672-க்கு உட்பட்ட மீட்டர் வேண்டும், அளப்பதற்கு முன்னும் பின்னும் 94 டெசிபல் தரும் அளவுத்திருத்தக் கருவியை மைக்கில் மாட்டிச் சரிபார்த்திருக்க வேண்டும், அந்தக் கருவிக்கும் சான்றிதழ் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பதே அந்தச் சான்றிதழின் தேதியைத்தான்.

அதற்காக உங்கள் போனைத் தூக்கிப் போட வேண்டாம். போனின் தனி எண் நம்பகமில்லை என்றாலும், ஒரே போன், ஒரே இடம், ஒரே ஆப் என்று வைத்து தறி ஓடும்போதும் நின்றிருக்கும்போதும் எடுத்த இரண்டு எண்களின் வித்தியாசம் பெரும்பாலும் நம்பலாம். உங்கள் கையில் இருக்கும் ஆதாரங்களில் வலுவானது இந்த வித்தியாசம்தான். தறி ஓடும்போது 68, நின்றால் 52 என்றால், உங்கள் திண்ணையில் கேட்பது கிட்டத்தட்ட முழுக்கத் தறிதான், கணக்குப் போடவே வேண்டாம். ஓடும்போது 58, நின்றால் 56 என்றால் கதையே வேறு: தறி மட்டும் தருவது 54-க்குச் சற்றுக் கீழே, மீதி ரோடும் மற்ற கூடங்களும். டெசிபல் மடக்கைக் கணக்கு என்பதால் சாதாரணக் கூட்டல் கழித்தல் இங்கே வேலை செய்யாது. இரண்டு சமமான சத்தம் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். இதை நினைவில் வையுங்கள், தறிக்காரரிடம் பேசும்போது உதவும்.

தறி நிற்கும் நேரத்தை எப்படிப் பிடிப்பது? கரண்ட் போகும்போது எடுக்கலாமே என்று தோன்றும். மாதாந்திர மின்தடை நாளில் தெருவே அடங்கிவிடும், அடுத்த தெருத் தறிகளும் நிற்கும், ஃபேனும் நிற்கும், அதனால் எண் நியாயத்துக்கு மேல் குறைவாக வரும். எதிர்த்தரப்பு அதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும். ஷிப்ட் மாறும் இடைவேளை, அந்தக் கூடத்துக்கு மட்டும் வார விடுமுறை, இவை நல்லது. ராத்திரி பத்து மணிக்கு மேல் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு சராசரி எடுங்கள். ஆப்பில் 'லெக்யூ' (Leq) என்று அந்தச் சராசரி எண் வரும், அதைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும், எகிறிக் குதிக்கும் உச்ச எண்ணை அல்ல. போனைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், சுவர் எதிரொலித்தே 6 டெசிபல் வரை கூட்டிக் காட்டும். இடம் இருந்தால் சுவரிலிருந்து மூன்று மூன்றரை மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில், காற்று அடிக்காத நேரத்தில்.

இனி சட்டத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள அமைதி மண்டலத்துக்கு 50, 40. காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மற்றது இரவு. இந்த எண்ணை 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் தாண்டினால் புகார் கொடுக்கலாம் என்று 7-ஆம் விதி சொல்கிறது. ஆக குடியிருப்பு என்றால் ராத்திரி 55-ஐத் தொட்டாலே உங்களுக்கு வழி திறக்கிறது. உங்கள் போன் ஐந்தாறு டெசிபல் தப்பாகவே காட்டினாலும் 68 அதைத் தாண்டித்தான் நிற்கும்.

சந்தேகம் வரும் இடம் அடுத்தது. "ஊர் முழுக்கத் தறி" என்று தறிக்காரர் சொல்வது வெறும் சாக்கு இல்லை, அதற்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. வீடும் தொழிலும் கலந்த பகுதியை நாலு வகையில் எதில் சேர்ப்பது என்று அதிகாரியே அறிவிக்கலாம் என்று அதே அட்டவணையின் அடிக்குறிப்பு சொல்கிறது. உங்கள் தெரு தொழிற்பகுதியாகக் கருதப்பட்டால் இரவு வரம்பு 70, உங்கள் 68 புகாரே ஆகாது. குமாரபாளையம், பள்ளிபாளையம், சோமனூர் மாதிரி ஊர்களில் வழக்கின் பாதி எடை இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கும். அதனால் மீட்டர் வாடகைக்கு எடுப்பதற்கு முன் நகராட்சிக்குப் போய் உங்கள் சர்வே எண் நில உபயோக வரைபடத்தில் எந்த வகையில் வருகிறது, அந்தக் கூடத்துக்குத் தொழில் உரிமம் இருக்கிறதா, எத்தனை தறிக்கு, எத்தனை குதிரைத் திறனுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.

இன்னொன்று. தறிச் சத்தம் ஒரே சீராக இரைவதில்லை, நாடா (ஊடை நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு பாயும் கட்டை) அடிபடும் ஒவ்வொரு முறையும் ஒரு அடி. ஐஎஸ்ஓ 1996 என்ற சர்வதேசத் தரம் இப்படி அடி அடியாக வரும் சத்தத்துக்கு மீட்டர் எண்ணோடு 5 டெசிபல், ரொம்பக் கடுமையானதற்கு 12 டெசிபல் கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது, ஏனென்றால் அதே சராசரியுள்ள ரோட்டு இரைச்சலைவிட இது மனிதரை அதிகம் தொந்தரவு செய்யும். நம் விதியில் அந்தக் கூட்டல் கிடையாது. 'மீட்டர் சொல்வதைவிடக் கொடுமையா இருக்கு' என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், அது கற்பனை இல்லை. ஆனால் சட்டம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

சரி, அதிர்வுக்கு வருவோம். பாத்திரம் சில நேரம் மட்டும் ஆடி அடங்குகிறது என்று நீங்கள் எழுதிய வரி எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. சாதாரண நாடாத் தறி நிமிடத்துக்கு சுமார் 150 அடி அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அது விநாடிக்கு 2.5 முறை. ஊடை நூலை அடித்துச் சேர்க்கும் கனமான மரச்சட்டம் போன்ற பாகம் அத்தனை முறை முன்னும் பின்னும் போய்வருகிறது, தரையையும் கூடவே தள்ளுகிறது. எல்லாத் தறியும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒன்று 150, பக்கத்தது 147 என்றால் நிமிடத்துக்கு மூன்று முறை, அதாவது இருபது விநாடிக்கு ஒருமுறை இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்து, பிறகு விலகும். சேரும்போது தள்ளல் கூடும், விலகும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும். எட்டுத் தறி என்றால் இந்தச் சேர்க்கை இன்னும் தாறுமாறாக வரும். அதனால்தான் ஆடுவதும் அடங்குவதும். தறிக்காரர் வந்து நின்று பார்த்த ஐந்து நிமிடத்தில் எதுவும் ஆடாமல் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இதை நிரூபிக்க உங்கள் போனே போதும், ஆச்சரியமாக இருந்தாலும். ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப்பில் முடுக்கமானியின் (போனுக்குள் ஆட்டத்தை உணரும் உணரி) அலைமாலையை, அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஆடும் அதிர்வு எவ்வளவு இருக்கிறது என்ற படத்தைப் பார்க்கலாம். போனைக் கட்டில் மேல் வைக்காமல் தரையிலோ ஜன்னல் திட்டிலோ தட்டையாக வைத்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். 2.5, 5, 7.5, 10 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை முறை) என்று தறி வேகத்தின் மடங்குகளில் கூர்முனை தெரிந்தால், அதுவும் தறி நின்றதும் மறைந்தால், ஆட்டுவது யார் என்பதில் சந்தேகம் இல்லை. லாரி போனால் இப்படி ஒழுங்கான மடங்கு வராது. முனையின் உயரத்தை மட்டும் நம்ப வேண்டாம், போன் உணரியின் சொந்த இரைச்சலே அந்த அளவுக்குப் பக்கத்தில் இருக்கும். மெலிதான அதிர்வு என்றால் போனில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். அதனால் எதுவும் தெரியவில்லை என்பதை அதிர்வு இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விரிசல் விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிர்வை விநாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் தரையோ சுவரோ அசைகிறது என்று அளப்போம். பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 5228 சொல்வதன்படி வீட்டுக்குள் 0.3 வந்தாலே மனிதருக்குத் தெரிய ஆரம்பிக்கும், 1 வந்தால் புகார் வரும். ஆனால் வீட்டுக்குச் சேதம் வர அதைவிடப் பல மடங்கு வேண்டும். ஜெர்மன் தரம் டிஐஎன் 4150 தொடர்ந்து வரும் அதிர்வுக்கு, மேல்மாடி மட்டத்தில் பக்கவாட்டில் அளந்தால், சாதாரண வீட்டுக்கு 5 வரை பொறுக்கலாம் என்கிறது, பழைய, நலிந்த கட்டடத்துக்கு 2.5. நம் நாட்டில் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-இல் வெடிவைப்புக்குப் போட்ட வரம்பும் தாழ்ந்த அதிர்வெண்ணில் வீடுகளுக்கு 5 என்றே தொடங்குகிறது, ஆனால் அது எப்போதோ ஒருமுறை வரும் வெடிக்கு, தறிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. மொத்தத்தில், உடம்புக்குத் தெரியும் அதிர்வுக்கும் சுவரைப் பிளக்கும் அதிர்வுக்கும் நடுவே பத்து பதினைந்து மடங்கு இடைவெளி இருக்கிறது. 'ஆடுது, அதனாலதான் வெடிச்சுது' என்று நேராகப் போட முடியாது.

அப்படியானால் விரிசல் எங்கிருந்து? பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் கான்கிரீட் உத்தரமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாகப் படுத்திருக்கும் விரிசல் பெரும்பாலும் வெயிலும் சுருக்கமும் செய்வது. செங்கல் இணைப்பு வழியே படிப்படியாக இறங்குவது அஸ்திவாரம் இறங்கியதைக் காட்டும். கரிசல் மண்ணாக இருந்தால் அந்த விரிசல் கோடையில் அகன்று மழைக்குப் பின் மூடிக்கொள்ளும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவதை வைத்து மட்டும் ஒன்றும் முடிவு செய்ய முடியாது, எந்தக் காரணமானாலும் சுவர் முதலில் விடுவது அந்த மூலையில்தான். அதிர்வு ஏற்கெனவே இருக்கும் பலவீனத்தை வேகமாக வெளியே கொண்டுவரலாம், அது நியாயமான வாதம். கூடத்துத் தூலம் உங்கள் சுவர் மேலேயே உட்கார்ந்திருந்தால் அது இன்னும் வலுவான வாதம். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் ஒட்டி வையுங்கள் (விரிசல் அகன்றால் அது உடையும்), பக்கத்தில் ஸ்கேல் வைத்து மாதம் ஒரு படம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போகட்டும். அதுவரை புகார் மனுவில் விரிசலை முதல் வரியாக எழுதாதீர்கள். நிரூபிக்க எளிதானது ராத்திரிச் சத்தம், அதை முன்னால் வையுங்கள்.

இனி குறைப்பது. இதில்தான் ஜனங்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். உங்கள் படுக்கையறையில் முட்டை அட்டை ஒட்டுவது, தெர்மகோல் ஒட்டுவது, இரண்டுமே வீண். அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கலாம், சுவர் தாண்டி வரும் சத்தத்தைத் தடுக்காது. சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், ஓட்டை இருக்கக் கூடாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபலைத் தடுக்கும். ஆனால் அந்தச் சுவரின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு 10 டெசிபலுக்கு வந்துவிடும், நூறில் ஒரு பங்கு என்றாலும் 20-ஐத் தாண்டாது. பெரும்பாலான தறிக்கூடங்களில் சுவர் முடியும் இடத்துக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே நீளமாக ஒரு சந்து இருக்கும், பிறகு உங்கள் பக்கம் பார்த்த ஜாலி (காற்றுக்கான துளைத் தடுப்பு), எக்சாஸ்ட் ஃபேன் ஓட்டை. சத்தம் வருவது அங்கிருந்துதான். அந்தச் சந்தை உங்கள் பக்கம் மட்டும் செங்கலும் சாந்தும் வைத்து அடைத்துவிட்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கம் திறப்பைக் கூட்டினால் கிடைக்கும் பலன், நீங்கள் எத்தனை ஆயிரம் செலவழித்து அறைக்குள் ஒட்டினாலும் கிடைக்காது. எல்லாப் பக்கமும் அடைக்கச் சொல்லாதீர்கள், உள்ளே நிற்பவர்கள் வெந்துபோவார்கள். சொல்லப்போனால் அந்தக் கூடத்தில் அதிகம் பாதிக்கப்படுவது நீங்கள் இல்லை, காதில் ஒன்றும் மாட்டாமல் பன்னிரண்டு மணி நேரம் தறி ஓட்டுகிறவர்கள்தான். அது வேறு கதை, ஆனால் பேச்சுவார்த்தையில் அதையும் சொல்லலாம்.

அதிர்வைக் குறைக்கத் தறிக்காலுக்குக் கீழே ரப்பர் திண்டு வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வைக்கலாம், ஆனால் எதிர்பார்ப்பு சரியாக இருக்கட்டும். ஒரு திண்டு தன் இயல்பான அதிர்வெண்ணைப் (பாரத்தோடு தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம்) போல 1.4 மடங்குக்கு மேல் வரும் அதிர்வைத்தான் தடுக்க ஆரம்பிக்கும். ரப்பர் திண்டுக்கு அந்த இயல்பு அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். அதனால் நாடா அடியின் 'டக்'கும் சுவர் வழியே வரும் கரகரப்பும் குறையும். 2.5 ஹெர்ட்ஸ் ஆட்டம் அப்படியே வரும். அதைத் தடுக்கத் தறி பத்து சென்டிமீட்டருக்கு மேல் அமுங்கும் ஸ்பிரிங் வேண்டும், அதன் மேல் எந்தத் தறியும் நெய்யாது. நடுவில் பள்ளம் தோண்டி மணல் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மண்ணில் அலை விநாடிக்கு 150, 200 மீட்டர் வேகத்தில் போகும், 2.5 ஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளமே 60, 80 மீட்டர். மூன்றடிப் பள்ளத்தை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பலன் தரக்கூடியது வேறு: கூடத்தின் கான்கிரீட் தரையை உங்கள் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் அந்த ஓரத்தை அறுத்துப் பிரிப்பது, சுவரில் மாட்டியிருக்கும் மோட்டார், சுவிட்ச் போர்டு, தாங்குகட்டை எல்லாவற்றையும் கழற்றித் தரையில் நிற்கவைப்பது, சுவரை ஒட்டிய வரிசைத் தறிகளைத் திருப்பிப் போட்டு, முன்னும் பின்னும் போகும் அந்தத் தறிச் சட்டத்தின் தள்ளல் உங்கள் சுவரை நேராக அடிக்காமல் செய்வது. கடைசியது எல்லாக் கூடத்திலும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன், கட்டடம் எந்தத் திசையில் தளர்ச்சியோ அதைப் பொறுத்தது. முதலிரண்டும் நிச்சயம் உதவும்.

முதலில் நேரில் பேசிப் பாருங்கள், ஆனால் 'சத்தத்தைக் குறைங்க' என்று பொதுவாகப் போய் நிற்காதீர்கள். "ராத்திரி பாதித் தறியை நிறுத்தறேன்" என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லலாம். எட்டில் நாலு நின்றால் 3 டெசிபல்தான் குறையும், உங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, அவருக்குப் பாதி உற்பத்தி போகும், அப்புறம் இரண்டு பேருக்கும் கோபம் வரும். அதற்குப் பதில், உங்கள் சுவரை ஒட்டிய வரிசை ராத்திரி பத்துக்கு மேல் ஓடக் கூடாது, மேல் சந்தை அடைக்க வேண்டும், மோட்டாரைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும் என்று மூன்றாகக் கேளுங்கள். சந்து அடைக்கும் செலவில் பாதியை நீங்கள் ஏற்றாலும் வழக்கு நடத்துவதைவிட மலிவு.

அது நடக்காவிட்டால், தேதி நேரம் போட்ட உங்கள் குறிப்போடு தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் கலெக்டருக்கும் மனு கொடுங்கள். அளவீட்டை ராத்திரி பத்துக்கு மேல், தறி ஓடும்போதும் நின்றபோதும் எடுக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். இல்லையென்றால் பகல் பதினொரு மணிக்கு வந்து அளந்துவிட்டுப் போய்விடுவார்கள். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவு போடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 152. ஆனால் அது பொதுமக்களுக்கான தொல்லைக்கு. உங்கள் ஒரு வீடு மட்டும் என்றால் செல்லுமா என்பது வாதத்துக்குரியது, தெருவில் இன்னும் நாலு வீட்டார் கையெழுத்துப் போட்டால் நிலைமை மாறும். இதை ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஃபைஃபாக்ஸ் படம் எடுத்தால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கூடவே அந்தக் கூரைத் தூலம் எந்தச் சுவர் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றும் எழுதுங்கள், அது உங்கள் சுவராக இருந்தால் நான் அதிர்வு பற்றி மேலே சொன்னதில் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும்.